தட்டில் வைத்த போன்

அக்கா மகளின் நிச்சயத்துக்காகச் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தேன். எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு கிளம்பியவன் நான். லாரியில் கிளீனர், கேரளத்தில் ஓட்டல், வளைகுடாவில் கட்டட வேலை என்று சுற்றுகிறவனிடம் அதைக் கேட்டுப் பயனில்லை என்று சொந்தக்காரர்களுக்குத் தெரியும்.

அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் டிரைவராக இருக்கும் நாட்டில்தான் நானும் முன்பு இருந்தேன். அங்கே போனில் மெசேஜ் போகும், வீடியோ பதிந்து அனுப்பினால் அதுவும் போகும். ஆனால் நெட்டில் முகம் பார்த்துப் பேச முடியாது, தடுத்துவிடுவார்கள். அதனால் அறையில் எட்டுப் பேர் படுத்திருந்தால் எட்டுப் போனிலும் தடையைத் தாண்ட விபிஎன் என்று ஒரு ஆப் இருக்கும்.

புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிய லாரியில் ஓடியவன் என்பதால் எனக்கு அது அந்தக் கணக்கில்தான் புரிந்தது. தார்ப்பாய் போட்டுக் கட்டிய லாரியில் என்ன சரக்கு, எங்கே போகிறது என்று செக்போஸ்டில் நிற்பவனுக்குத் தெரியாது. விபிஎன் அந்தத் தார்ப்பாய். நடுவழியில் அது பறந்துவிட்டால் லாரி நிற்பதில்லை. டிரைவருக்குத் தெரியவே தெரியாது. சரக்கைக் காட்டிக்கொண்டே பொது ரோட்டில் போய்க்கொண்டிருப்பான். தடுக்க வேண்டியதைத் தடுப்பார்கள், மற்றது போகும். இதற்குப் பயந்தவர்களுக்காக அதிலேயே ஒரு சுவிட்ச் உண்டு. தார்ப்பாய் பறந்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிடும். பிறகு எதுவும் போகாது, எதுவும் வராது.

மகள் நிச்சயத்தன்று வம்பு வேண்டாம் என்று அறைக்காரர்கள் சொல்ல, அத்தான் அந்த சுவிட்சைப் போட்டிருந்தார். காலையில் என்னிடம் பெருமையாகச் சொன்னார். நானும் சரி என்றேன்.

தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பூவோடு தேங்காயில் சாய்த்து அக்காவின் போனை வைத்திருந்தோம். வீடியோ காலில் அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். ராயகிரியிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"பொண்ணத் தர சம்மதந்தானே, அண்ணாச்சி?"

அத்தானின் முகம் அப்படியே நின்றுவிட்டது. வாய் பாதி திறந்து, ஒரு கண் சுருங்கி, வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி.

ராயகிரியிலா கட்டிக்கொடுப்பது, டவுனில் பார்க்கக் கூடாதா என்று அவர் ஆரம்பத்தில் முனகியது மாப்பிள்ளை வீட்டார் காதுக்கும் போயிருந்தது.

"என்ன, மொகத்தச் சுளிக்காவ?" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை.

"சுளிக்கலம்மா, அவிய மொகமே அப்படித்தான். எங்க கல்யாண போட்டோவுலயும் இப்படித்தான் நிக்காவ" என்றாள் அக்கா. நாலைந்து பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை.

"நெட்டு நின்னுட்டு, அண்ணாச்சி. பதில் சொல்லிருப்பாவ, நமக்கு வரல" என்றேன்.

"வரலைன்னா நாங்க என்னன்னு எடுத்துக்கிட? ராகுகாலம் வருதுல்லா."

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்தார். "தாய்மாமன்னு ஒருத்தன் நிக்கேல்லா. நீ சொல்லேம்ல!"

சொல்லியிருக்கலாம். நாளைக்கு எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. இந்தப் பிள்ளைக்கு ஒன்று என்றால் வந்து நிற்கப் போகிறவர் அத்தான்தான். உள்ளறை வாசலில் அவள் பட்டுச்சேலையோடு நின்று, எங்களை விட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான் வாயாலயே வரட்டும். அண்ணாச்சி, இன்னொருக்கா கேளுங்க, பதிஞ்சு அனுப்புதேன்."

அவர் கேட்டார். அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது.

அங்கே அத்தான் விபிஎன்னைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த சுவிட்சை எடுத்துவிட்டால் போதும், மெசேஜ் பொது வழியிலேயே வந்து சேரும். அதற்குத் தடையே கிடையாது. ஆனால் பயந்தவனுக்கு எல்லாமே ஒளிக்க வேண்டிய சரக்கு. நான் அங்கே இருந்தபோது அம்மாவுக்கு எழுதிய 'சாப்பிட்டேன்' என்பதைக்கூட தார்ப்பாய்க்குள் வைத்துத்தான் அனுப்பினேன்.

பந்திக்கு இலை போடலாமா என்று சமையல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அக்கா வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

பிறகு டிக் இரண்டானது. சுவிட்சை எடுத்துவிட்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் ஒரு வீடியோ வந்தது. கார் சீட்டில் யூனிபார்மோடு அத்தான், நெற்றியில் வேர்வை.

"அண்ணாச்சி, நீங்க கேட்டதுமே சம்மதம்னு சொல்லிட்டேன், உங்களுக்குக் கேக்கல போல. மறுபடி சொல்லுதேன், சம்மதம். ராயகிரின்னு நான் மொனங்குனது நெசந்தான். உங்க பையன் கிட்ட பேசுன பொறவு அது போயிட்டு."

மாப்பிள்ளையின் அப்பா அதை இரண்டாம் முறையும் போடச் சொன்னார். பிறகு துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். தட்டு மாற்றிக்கொண்டார்கள். அவசரத்தில் போனை எடுக்க மறந்தோம். எங்கள் தட்டோடு அதுவும் அவர் கைக்குப் போய்விட்டது.

அப்போது பார்த்து அது அடித்தது. விபிஎன் மறுபடி சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு கையிலும் தட்டை வைத்துக்கொண்டு அவர் விழித்தார். மருமகளே வாசலைத் தாண்டி வந்து பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"ஏட்டி, வந்துச்சா, என்ன சொன்னாவ?" என்று அத்தான் கத்தினார்.

"நான்தான் பேசுதேன், சம்மந்தி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "தட்டு மாத்தியாச்சு."