ப்ரூஃப் அக்காவின் சிவப்புப் பேனா

"ஒரு சின்ன சந்தேகம் சார், கோவிச்சுக்காதீங்க." போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டால் ப்ரூஃப் அக்கா இப்படித்தான் ஆரம்பிப்பார். ரிசீவர் இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில். கையில் நீலப் பேனா. வலது காதில் செருகியிருக்கும் சிவப்புப் பேனாவை யாரும் தொடக்கூடாது. கையெழுத்துப் போடச் சங்கத் தலைவரே ஒருமுறை கேட்டார். "உங்களுக்கு நீலம் போதும் தலைவரே" என்று அக்கா சொல்லிவிட்டார்.

தேசியப் பத்திரிகையாளர் சங்கத்தின் தலைமை அலுவலகம் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அடையாள அட்டையும் ஆண்டு விழா விருந்தும் தவிர சங்கம் என்ன கிழித்தது என்று கேட்பவர்கள் உண்டு. அக்காவின் மேசைக்கு எதிர் நாற்காலியில் உட்கார நேராத புண்ணியவான்கள் அவர்கள்.

அன்று அதில் உட்கார்ந்திருந்தவர் ஒரு நிருபரின் மனைவி. ஆற்றில் சாயக் கழிவு கொட்டும் ஆலையைப் பற்றி எழுதப் போன கணவரை முந்தின நாள் போலீஸ் ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள். எந்த ஸ்டேஷன் என்று தெரியாது. மூன்று ஸ்டேஷன்களில் கைவிரித்துவிட்டார்கள். 'இருக்கிறார்' என்று ஒரு வாய் ஒப்புக்கொண்டால்தான் வக்கீல் போய் நிற்க முடியும். இல்லை என்று சொல்லிவிட்ட ஆளை உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கேட்க நாதி இருக்காது.

அக்கா இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழில் ப்ரூஃப் பார்த்து, பிழை திருத்தியவர். ஓட்டலில் விலைப்பட்டியலைத் திருத்திக் கொடுத்த பிறகுதான் காபி சொல்வார். "தப்பக் கண்டா மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காதுப்பா. எனக்கு மட்டுமில்ல, எவனுக்கும்" என்பார்.

நான்காவது ஸ்டேஷன்.

"அப்படி யாரும் இங்க இல்லம்மா." ரிசீவருக்கு வெளியே கேட்கிற குரல்.

"சரிங்க சார். இல்லைன்னே எழுதிக்கிறேன். போட்டோகிராஃபர், ஆள் குட்டை, சோடாபுட்டிக் கண்ணாடி. சரிதானே சார்?"

மனைவி பதறி எழுந்தார். "ஐயோ அக்கா, அவரு நிருபர்! கண்ணாடியே போட மாட்டாரு..."

அக்கா ரிசீவரைப் பொத்தினார். "தெரியும், உக்காரும்மா." கையை எடுத்தார். "எங்க சங்கத்து லிஸ்ட்டுல அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"எந்த மடையன் எழுதுன லிஸ்ட்டு அது? அவன் நிருபர். நெட்டையா இருக்கான். கண்ணாடியும் கெடையாது, கிண்ணாடியும் கெடையாது!"

அக்கா சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப நன்றி சார். மணி பத்து நாப்பது. உங்க பேரையும் சொல்லிடுங்க, எழுத்துப்பிழை வந்துடக் கூடாது பாருங்க."

அடுத்த போன் சங்கத்து வக்கீலுக்கு. "கறுப்புக் கோட்ட மாட்டுங்க சார். ஆள் உள்ளதான் இருக்காரு. அவங்களே சொல்லிட்டாங்க."

"எப்படிம்மா சொன்னாங்க?"

"ப்ரூஃப் பாத்துக் குடுத்தாங்க."

பிறகு தாளை இழுத்து, கேட்டதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினார். 'அவன் நிருபர். நெட்டையா இருக்கான்.' எழுதி முடித்து மனைவி பக்கம் திருப்பினார். "படிச்சுப் பாரும்மா. நாடு பூரா நம்ம கிளைங்களுக்கும் பேப்பர்களுக்கும் போகப் போவுது."

மனைவி விரல் வைத்துப் படித்தார். 'அவன்' என்ற சொல்லில் விரல் நின்றது. அங்கேயே நின்றது. அதன் கடைசி எழுத்தை நகம் சுரண்டியது.

அக்கா காதிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவரிடம் நீட்டினார்.