வாட வேண்டிய மூன்று பாத்திகள்

தாவர உயிரித் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் வாங்க அறிவு ஓரளவு இருந்தால் போதும். பாட்டில் கழுவும் பொறுமைதான் நிறைய வேண்டும். இதைப் படிப்பவர்களில் யாராவது சோப்புத் தண்ணீரில் விரல் சுருங்கிப்போய் ஆய்வகத் தொட்டியடியில் நின்றிருந்தால், அவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. துணைக்கு ஆள் இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

மற்றவர்களுக்காக என் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரலுக்குக் கிழக்கே, தாமிரபரணி கடலை நெருங்கும் பக்கத்தில், பல வயல்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. அந்தத் தண்ணீரைத் தாங்கும் நெல் வேண்டும். அதற்கு நெல்மணியின் முளைக்கருவை எடுத்து, பாட்டிலுக்குள் உப்புக் கலந்த கூழில் வளர்க்க வேண்டும். பெரும்பாலானவை செத்துப்போகும். பிழைத்ததைச் செடியாக்கி, செடியிலிருந்து விதை எடுத்து, விதையை வயலில் விதைத்துப் பார்க்க வேண்டும். சொல்வதற்கு ஒரு பத்தி. செய்வதற்கு எனக்கு ஆறு வருடம் ஆயிற்று.

ஜாம் பாட்டில்

திசு வளர்ப்புக்கு வாய் அகன்ற, சூடு தாங்கும் கண்ணாடி பாட்டில்கள் வேண்டும். ஆய்வகத்துக்கு வாங்கியவை உடைந்து உடைந்து பாதியாகிவிட்டன. காலி ஜாம் பாட்டில்கள் அந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். தூத்துக்குடியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. வருகிறவர்களிடம் காலி பாட்டில் இருந்தால் கொண்டுவரச் சொல்லும்படி அப்பாவிடம் சொன்னேன். ஒரே மாதத்தில் கடையின் பின்கட்டு நிறைந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை நான் அவற்றைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, வழக்கமாக வரும் ஓர் அம்மா மூன்று பாட்டில்களைக் கல்லாவில் வைத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏளா, நீ டாக்டர் பட்டத்துக்குப் படிக்கேன்னுல்லா உங்கப்பா சொன்னாவ. ஊறுகா போடதுக்கா இம்புட்டுப் படிப்பு?"

உப்புக்குக் கொட்டேஷன்

பாட்டில் கூழில் கலக்கும் உப்பு மிகச் சுத்தமானதாக இருக்க வேண்டும். கடை உப்பு உதவாது. அதில் வேறு பொருள்களும் சேர்ந்திருக்கும். சோதனைக்கென்றே வரும் உப்பை வெளியூர் நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டும். வாங்குவதென்றால் மூன்று இடங்களில் கொட்டேஷன் கேட்க வேண்டும், கமிட்டி கூட வேண்டும், கல்லூரி முதல்வர் கையெழுத்திட வேண்டும். ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் ஆய்வகத்தின் தெற்கு ஜன்னல் வழியே, உப்பளத்தில் குவித்து வைத்த வெள்ளைக் குவியல்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அலுவலகத்தில் கொள்முதல் கோப்புகளைப் பார்ப்பவர் ஊர்க்காரர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர். என் விண்ணப்பத்தைக் கண்ணாடியை ஏற்றி ஒருமுறை, இறக்கி ஒருமுறை படித்தார். சீல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தூத்துக்குடியில ஒக்காந்துக்கிட்டு உப்புக்கு மூணு கொட்டேஷன் கேட்ட மொத ஆளு நீதாம்மா. ஜன்னலத் தொறந்து வச்சா அதுவே பறந்து வந்திருக்குமே!"

முப்பது பக்கம்

ஆட்டோகிளேவ் என்பது பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான ஒரு கருவி. அதில் வேகவைத்துக் கிருமி நீக்கிய நூறு பாட்டில்களில் முளைக்கருக்களை வைத்தேன். ஐந்தாம் நாள் மின்சாரம் போய், ஏ.சி. நின்று, கடற்காற்றின் ஈரம் அறைக்குள் ஏறியது. எட்டாம் நாள் பார்த்தால் பாட்டில்களில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. மிஞ்சியது ஒன்பது. ஏன் அப்படி ஆயிற்று என்று அரையாண்டு அறிக்கையில் முப்பது பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆய்வக உதவியாளர் சூசை அண்ணன் தருவைகுளத்துக்காரர். அவருடைய தம்பிகள் கடலுக்குப் போகிறவர்கள். கெட்டுப்போன பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தபடி, நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுல வெறும் வலையோட கரைக்கு வந்தா, குளிச்சிட்டுத் தூங்கிருவானுவ. முப்பது பக்கம் எழுத மாட்டானுவ."

மேடம், டீச்சர், ஏளா

அந்த ஒன்பதில் பிழைத்தவற்றின் வாரிசுகள் ஒருவழியாக விதை நெல்லாக, ஒரு துணிப்பை அளவுக்குச் சேர்ந்தன. உதவித்தொகை நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கெடுவுக்கு இன்னும் ஏழு மாதம். அதற்குள் ஒரு கார் நெல் சாகுபடிப் பருவம் மட்டுமே வரும். அந்த ஒரு அறுவடையில் எண்கள் கிடைத்தால் பட்டம். கிடைக்காவிட்டால் கெடுவை நீட்டச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்; நீட்ட மறுத்துவிட்டால் அத்தனை வருடமும் வீண்.

வயல் தந்தவர் பேச்சியம்மாள். நாற்பத்தைந்து வயது. கணவர் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். விவசாயம் முழுவதும் பேச்சியக்காவின் பொறுப்பு. முதல் வாரம் என்னை மேடம் என்றார். நடவின்போது டீச்சர் என்றார். முதல் களை எடுப்புக்குள், எங்கள் பக்கம் வீட்டுப் பெண்பிள்ளையைக் கூப்பிடுவது போல், ஏளாவாகிவிட்டேன்.

ஆறு பாத்தி கட்டினோம். மூன்றில் என் நெல். மற்ற மூன்றில் ஊரார் வழக்கமாகப் போடும் நெல். ஆறுக்கும் அதே உப்புக் கிணற்றுத் தண்ணீர். வழக்கமான நெல் வாடி, என் நெல் நின்றால்தான் என் நெல்லுக்கு உப்பைத் தாங்கும் குணம் உண்டு என்று சொல்ல முடியும். ஒப்பிட ஒன்று இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது என்பதைப் பேச்சியக்காவிடம் பொறுமையாக விளக்கினேன். வரப்பில் குத்தவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்த மூணு பாத்தியும் சாகணும்?"

"வாடணும்க்கா. அப்பத்தான் சோதனை சரியா வரும்."

பேச்சியக்கா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "நாத்த நட்டவளே அது வாடணும்னு சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன், ஏளா."

மீட்டர் மேல் பழி

வாரம் ஒருமுறை போய் ஒவ்வொரு பாத்தியின் மண்ணிலும் உப்பின் அளவைக் குறிப்பேன். அதற்குக் கையடக்கமான ஒரு மீட்டர் உண்டு. ஐந்தாவது வாரம் வழக்கமான நெல் இலை நுனி கருகி, எதிர்பார்த்தபடி வாடத் தொடங்கியது. ஆறாவது வாரம் அதில் இரண்டு பாத்திகள் பச்சை பிடித்தன. மூன்றாவது வாடியபடியே இருந்தது. மீட்டர் அந்த இரண்டு பாத்திகளில் மட்டும் உப்பு குறைந்திருப்பதாகக் காட்டியது.

மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். கல்லூரிக்குக் கொண்டுபோய், அளவு தெரிந்த உப்புக் கரைசலில் வைத்துச் சோதித்தேன். சரியாகவே காட்டியது. வேறொரு மீட்டர் இரவல் வாங்கிப் போனேன். அதுவும் அதையே சொன்னது. மழை பெய்ததா என்று ஊரில் விசாரித்தேன். பெய்திருந்தாலும் இரண்டு பாத்தியில் மட்டும் பெய்திருக்காது என்று எனக்கே தெரியும். இப்படி நான்கு வாரம் கருவிகளைச் சந்தேகித்தேன். மனிதர்களைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

பத்தாவது வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு புதன்கிழமை போனேன். வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் வந்திருந்தது. அன்று பேச்சியக்கா தண்ணீர் பாய்ச்சும் முறை. அவர் மம்பட்டியால் வரப்பை ஒரு சாண் வெட்டி, தன் கொல்லைக் கீரைக்கும் வெண்டைக்கும் போக வேண்டிய நல்ல தண்ணீரை வாட வேண்டிய பாத்திக்குள் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒளியவும் இல்லை, பதறவும் இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதலாகவே சொன்னார்: "எல்லாத்துக்கும் விடலே, ஏளா. வாடிக் கெடந்ததுக்கு மட்டுந்தான் விட்டேன். அந்தா அந்தக் கடைசிப் பாத்திக்குத்தான் தண்ணி ஏற மாட்டேங்கு. அது ஒண்ணுதான் கொற."

ஆட்டின் மேல் பழி

அறுவடையில் அந்த இரண்டு பாத்திகளும் என் நெல்லை விட நன்றாக விளைந்தன. தண்ணீர் ஏறாத மூன்றாவது மட்டும், நான் விரும்பியபடி, காய்ந்துபோய் இருந்தது.

என்னோடு ஆய்வு செய்துகொண்டிருந்த கவிதா நல்லவள், அவசரக்காரி. ஆய்வேட்டைக் கொடுக்கக் கெடு நெருங்குவது அவளுக்கும் தெரியும். காய்ந்த பாத்தியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள், மற்ற இரண்டையும் மறந்துவிடு என்றாள். ஏன் மறந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள். "ஆடு மேஞ்சிட்டுன்னு எழுதிரு. ஆட்டக் கூப்பிட்டா விசாரிக்கப் போறாங்க?"

இரண்டு நாள் அந்த ஆட்டைப் பற்றி யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எந்தப் பாத்தியில் எந்தப் பக்கம் மேய்ந்திருக்கும் என்பது வரை யோசித்துவிட்டேன். மூன்றாம் நாள் என் நெறியாளரிடம் போய், அந்த ஆட்டையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கெடு நீட்டச் சொல்லி லெட்டர் கொண்டுவந்தாலும் கையெழுத்துப் போடுவேன். தீசிஸ் கொண்டுவந்தாலும் போடுவேன். ஆடு மட்டும் உன் ஆடும்மா."

கெடு நீட்டும் கடிதத்தைக் கொண்டுபோனேன். ஒரு வருடம் கொடுத்தார்கள். இதுவே கடைசி என்றும் எழுதியிருந்தார்கள்.

முதுகு

மறு வருடம் வேறு வயல் தேடியிருக்கலாம். உப்புக் கிணறு பல இடத்தில் உண்டு. ஆனால் அந்த மண்ணின் அளவுகள் எல்லாம் என் நோட்டில் இருந்தன. இன்னொரு முறை தவறினால் பட்டம் கிடையாது, இத்தனை வருடமும் போய்விடும் என்று பேச்சியக்காவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சரி என்று தலையசைத்தார்.

ஐந்தாவது வாரம் வழக்கமான நெல் வாடியது. ஆறாவது வாரமும் வாடியது. மீட்டரும் அதையே சொன்னது. பேச்சியக்கா வயலுக்கு வரும் பாதையை மாற்றிக்கொண்டதை நான் கவனித்தேன். வடக்கு வரப்பை விட்டு, சுற்றுவழியாகத் தெற்கே வந்தார். என் பாத்திகளில் களை எடுக்கும்போது அந்த மூன்று பாத்திகளுக்கும் முதுகைக் காட்டியே குனிந்தார். நான் ஒவ்வோர் இலையாக எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே என்னை அவசரப்படுத்தினார்: "ஏளா, சட்டுன்னு எண்ணி முடி. அது எம்முதுகையே பாத்துக்கிட்டு நிக்கி."

கடைசி வரிசை

என் நெல் பிரமாதமாக விளைந்துவிடவில்லை. கதிர் சிறியது. ஆனால் மணி பிடித்தது. வழக்கமான நெல்லில் மூன்று பாத்திகளிலும் பதர்தான். அந்த வித்தியாசம் போதும். ஆய்வேட்டில் முதல் வருடச் சோதனையையும் ஒளிக்காமல் எழுதி, ஒப்பீட்டுப் பாத்திகளில் நன்னீர் பாய்ந்ததால் அது கைவிடப்பட்டது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன்.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும்; யாரும் வந்து உட்காரலாம். அப்பா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். கடைசி வரிசையில், சூசை அண்ணன் பக்கத்தில், பேச்சியக்கா பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்திருந்தார். அந்த ஒரு வரியில் விரலை வைத்தார். "நன்னீர் பாய்ந்தது என்றால், தானாகவா பாய்ந்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. "நாந்தான்யா வெட்டி விட்டேன்."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. "அது வாட வேண்டிய பயிர் என்று உங்களிடம் சொல்லவில்லையா?"

"சொன்னா. எங்கிட்டச் சொன்னா. பயிருகிட்டச் சொல்லலியே. அது தண்ணிக்குல்லா நின்னுச்சு."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்டார். "அப்படியென்றால், மறு வருடம் ஏன் விடவில்லை?"

பேச்சியக்கா உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். பயிரைப் பற்றிப் பேசும் அதே குரலில்தான் சொன்னார்: "அந்த வருசமும் விட்டிருந்தா இந்தப் பிள்ளைல்லாய்யா வாடிப் போயிருக்கும்."

இப்போது நானும் ஒரு கல்லூரியில் நெறியாளர். வயலுக்குப் புறப்படும் மாணவர்களிடம் மீட்டர், நோட்டு, குடிதண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் மம்பட்டியும் இரக்கமும் சேர்ந்தாற்போல் வைத்திருப்பவர் யாரும் உண்டா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளச் சொல்கிறேன்.