கூடாரத்துக்குக் கட்டிய மாவிலை

போன வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். லீவுக்கு மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கப்போகிறார்களாம். மருமகன் ஒரு பையை உதறினார். கூடாரம் குடை மாதிரி தானாக விரிந்து நின்றது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கூடாரம் என்றால் நாலு பேர் கத்த வேண்டாமா? யார் கட்டைவிரலிலாவது சுத்தியல் பட வேண்டாமா? கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். வாசனையும் இல்லை.

எங்கள் கூடாரத்துக்கு வாசனை உண்டு. நாற்றம் என்று சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். மண்ணெண்ணெய், போன மழைக்காலம், யாரோ எப்போதோ சிந்திய நாப்பி மீன் விழுது எல்லாம் கலந்த வாசனை. அது அப்பாவின் சிநேகிதர் ஊ சான் இரவல் கொடுத்தது. காட்டிலாகாவில் வேலை பார்த்த பர்மியர். எங்களுக்கு அவர் ‘ஊ சான் மாமா’. பர்மியில் ‘ஊ’வே மரியாதைதான், அதற்கு மேல் மாமாவும் போட்டால் குறைந்தா போய்விடும்?

அப்போது நாங்கள் பர்மாவில் இருந்தோம். ரங்கூனை அடுத்த இன்சீனில், ரயில்வே பட்டறையில் அப்பா ஸ்டோர் குமாஸ்தா. வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு போய்வர இலவசப் பாஸ் கிடைக்கும். அப்பா அதை வாங்கி, பெட்டியில் பத்திரமாக வைத்து, கெடு முடிந்ததும் பெருமூச்சு விடுவார். ஒரு குளிர்காலத்தில் ஊ சான் மாமா வந்து ஷான் மலையைப் பற்றிப் பேசி அவர் மனசைக் கலைத்தார். அன்று ராத்திரியே சாப்பாட்டுச் சாமான்களை வைத்து அப்பா எங்களுக்கு வழி காட்டினார். உப்பு ஜாடி ரங்கூன். தண்ணீர்ச் செம்பு தாஜி, அங்கே வண்டி மாற வேண்டும். கவிழ்த்த சோற்றுப்பானை காலோ மலை. அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, அதில் மட்டக்குதிரைகள். புல்வெளிக்கு வைக்க ஒன்றும் கிடைக்காமல் என் கீரையை எடுத்துப் பரப்பினார்.

“வீடுன்னு ஒண்ணு இருக்கறப்ப துணிக்குள்ள போயி எதுக்குங்க படுக்கணும்?” என்றாள் அம்மா. கேட்டுவிட்டு மறுநாளே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். முறுக்கு ஒரு டின், புளிச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல், இட்லிக் கொப்பரை. கடைசியில் அம்மிக்கல்லை உருட்டி வந்தபோது அப்பா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “மலையில கல்லுக்கா பஞ்சம், காமாட்சி?”

எங்கள் எல்லோரையும்விட ஆசைப்பட்டவள் அக்கா. அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பன்னிரண்டு. அவளுக்கு இன்சீனை விட்டால் ரங்கூன் கோவில், கோவிலை விட்டால் இன்சீன். கம்பளிகளை அவளே துவைத்து, காயவைத்து, மடித்து, மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

புறப்பட நாலு நாள் இருக்கும்போது ரங்கூன் ஆற்றங்கரை அலோனிலிருந்து சேதி வந்தது. அங்கே அரிசிக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவர் தன் மகனுக்கு அக்காவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். நாங்கள் ரயில் ஏறவேண்டிய அதே ஞாயிறு. பாஸின் கெடு புதன்கிழமையோடு முடிகிறது. அம்மா மூட்டையைப் பிரித்தாள். அப்பா பாஸைத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் அழுதாள். “ஒரே ஒரு தடவ மலையப் பாத்துட்டு வந்துர்றேன்டி. அப்பறம் யாருக்கு வேணாலும் கழுத்த நீட்றேன்.” எனக்கும் அழுகை வந்தது. முறுக்கு டின்னும் அதில் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்.

சனிக்கிழமை காலை, கூடாரத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க அப்பா அதை வாசலில் விரித்துக் கட்டினார். வெள்ளைக் கித்தான், நாலு மூலையிலும் கம்பு. தள்ளி நின்று பார்த்தால் பந்தலேதான். அப்பா பட்டறைக்குப் போனதும் நான் கொல்லை மாமரத்தில் ஏறினேன். கால் மணி நேரத்தில் கூடார வாசலில் மாவிலைத் தோரணம் ஆடியது.

எங்கள் ரயில்வே லைன் வீடுகளில் ஒரு வழக்கம். பந்தலும் தோரணமும் கண்ணில் பட்டால் என்ன விசேஷம் என்று கேட்கக் கூடாது. கேட்பது வீட்டுக்காரரை அவமதிப்பது. பூவும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு நேரே வந்துவிட வேண்டும். அப்படித்தான் வந்தார்கள். முதலில் எதிர்வீட்டு ராஜம்மா அத்தை, அவர் பின்னால் பதினைந்து பேர். அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

“ஐயோ, இது வெறும் கூடாரம் அத்தாச்சி!”

“கண்ணு படும்னு மறைக்கிறியாக்கும்! பொண்ணுக்குப் பரிசம் போட்டாச்சுன்னு சொல்லேன்!” என்று ராஜம்மா அத்தை அம்மாவின் கன்னத்தைக் கிள்ளினார்.

அம்மா மறுக்க மறுக்க அவர்கள் நம்பினார்கள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? முறுக்கு டின் காலி. ‘உங்க அக்கா குடுத்து வச்சவ’ என்றவர்களுக்கெல்லாம் நான் தலையைக் குனிந்து சிரித்தேன். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ராஜம்மா அத்தையின் தம்பிக்கு அலோன் படகுத்துறையில் வேலை. சேதி சாயங்கால ரயிலிலேயே போய்விட்டது. மறுநாள் காலை பெண் பார்க்க ஆள் வரவில்லை, சொல்லியனுப்பிய கோபம்தான் வந்தது: “பரிசம் போட்ட பொண்ண நாங்க எதுக்குப் பாக்கணும்?”

“தோரணம் கட்டினது யாரு?” என்றார் அப்பா.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: “நாந்தாம்ப்பா.”

அப்பா எழுந்துபோய்க் கூடாரக் கயிற்றை அவிழ்த்தார். “மேஸ்திரி வீட்டுக்குப் போயி நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். வந்தப்பறம் கேட்டுக்கறேன்” என்றார். பிறகு, “காமாட்சி, மூட்டையக் கட்டு. அம்மி வேணாம்.”

போக வர ரயிலையும் சேர்த்து நாலே நாள். அந்தப் புல்வெளியில் அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திரும்பும் நாள் அம்மா கூடார வாசலில் உட்கார்ந்து, “இன்னும் ரெண்டு நாள் இருந்தா என்னவாம்?” என்றாள். அப்பா சிரித்த சிரிப்பில் மட்டக்குதிரைகள் மிரண்டன.

அக்காவுக்கு மறு வருஷம் பெகுவில் கல்யாணம் ஆயிற்று. ஜப்பான் யுத்தம் வந்தபோது எங்களுக்கு இந்தியாவுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளும் அத்தானும் கூட்டத்தோடு நடந்தே புறப்பட்டார்கள். அந்த வழியும் மலைதான். அத்தான் மட்டும் வந்து சேர்ந்தார். எந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்சீனில் அந்த லைன் வீடுகள் இப்போது இல்லையாம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிறது. அக்கா ஓடியதைப் பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் பாக்கி.