திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை

"இறங்கித் தள்ளினா ஆளு, ஏறி மிதிச்சா சைக்கிள்" என்று சொல்லிக்கொண்டே அக்கா வலது கட்டைவிரலை அழுத்துகிறார். பூங்காவின் வடக்கு வாசலில் ஒருவர் சைக்கிளைத் தள்ளியபடி உள்ளே போகிறார். அவருக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். மறுபடி ஒரு 'டிக்'. ஒன்றே ஒன்றுதான். "இடுப்புல இருக்கறது நடந்தா போகுது?" நாய்க்கும் கணக்குக் கிடையாது. ஆனால் ஆள் நாயை இழுத்துப் போகிறாரா, நாய் ஆளை இழுத்துப் போகிறதா என்று ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துகிறார்.

மடக்கு நாற்காலி, கறுப்புக் குடை, அட்டையில் செருகிய படிவம், இரண்டு கைக்கும் இரண்டு எண்ணும் கருவிகள். உள்ளங்கையில் அடங்கும் கருவி. ஒருமுறை அழுத்தினால் ஓர் எண் கூடும். வலது கை நடப்பவர்களுக்கு, இடது கை சைக்கிளுக்கு. கால் மணிக்கு ஒருமுறை எண்களைப் படிவத்தில் எழுதிவிட்டுத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறார். பாதையை அகலப்படுத்துவதற்கு, விளக்குப் போடுவதற்கு, பெஞ்சு வைப்பதற்கு முன்னால் அங்கே எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று நகராட்சிக்குத் தெரிய வேண்டும். அதை எண்ணித் தரும் வேலையை ஒரு நிறுவனம் ஒப்பந்தம் எடுக்கிறது. அந்த நிறுவனம் இவரைக் கூப்பிடுகிறது. வயது ஐம்பத்திரண்டு. பதினோரு வருடமாக இதுதான் வேலை. அதற்கு முன்பு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்த்தார், அங்கேயும் எண்ணுவதுதான். நடைப்பயிற்சிக்காரர்களுக்கு இவர் டிக்டிக் அக்கா.

பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தவறிவிடுமோ என்று முதல் நாள் நான் தயங்கி நின்றேன். "வாய் பாட்டுக்கு வாய், விரல் பாட்டுக்கு விரல். நீங்க பேசுங்க" என்றார். பேசினோம். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார் என்பது மட்டும் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் பத்தரை வரை எழுந்திருக்கக் கூடாது. அதனால் விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. "ஆயிரம் பேருக்குப் பாதை போடறாங்க, எண்ணறவளுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது" என்பது அவருடைய நிரந்தரப் புகார். அதைச் சொல்லும்போதும் இரண்டு பேர் கடந்து போனார்கள். இரண்டு டிக்.

வீட்டில் இந்தப் பழக்கம் கேலிப்பொருள். கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். நாத்தனார் கீழ்வீட்டில் குடியிருக்கிறார். "அண்ணி கடைக்குப் போயிட்டு வந்தா காய் விலை சொல்ல மாட்டாங்க, கடையில எத்தனை பேர் நின்னாங்கன்னு சொல்லுவாங்க" என்று நாத்தனார் என்னிடம் சொன்னார். மாமனார் இறந்த அன்று, வந்தவர்களைத் தன்னையறியாமல் எண்ணிவிட்டதை உணர்ந்து அக்கா வெட்கப்பட்டிருக்கிறார். நூற்று முப்பத்தேழு. பல மாதம் கழித்துக் கணவரிடம் மட்டும் ஒப்புக்கொண்டார். அவர், "அப்பா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. ஐம்பது தேறாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்த மனுஷன்" என்றாராம்.

படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பத்து வருடம் அதில் அவர் ஓர் எழுத்து எழுதியதில்லை. அது அவருக்கு ஒரு பெருமை. குறிப்பு எழுதுகிறவர்கள் எண்ணத் தெரியாமல் சாக்குச் சொல்கிறவர்கள் என்பது அவர் கட்சி. அந்தப் பெருமை போனது போன வருடம், கால்வாய்க் கரையில்.

கால்வாயின் இந்தப் பக்கம் குடியிருப்புகள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம். நடுவே குறுக்காகப் போகும் பழைய குடிநீர்க் குழாய்தான் வழி. இரண்டடி அகலம், பிடித்துக்கொள்ள யாரோ கட்டிவிட்ட ஒரு கம்பி. வேண்டாமென்றால் சாலையைச் சுற்றி நாற்பது நிமிடம் நடக்கலாம். கரையோரப் பாதையை மூன்று கிலோமீட்டருக்குச் செப்பனிடும் திட்டம் வந்தபோது, குழாய் இருக்கும் இடத்தில் ஒரு நடைபாலமும் வரைபடத்தில் இருந்தது. பக்கத்திலேயே ஒரு நிபந்தனையும் இருந்தது. அடுத்தடுத்து மூன்று நாள் எண்ண வேண்டும். கடப்பவர்களின் சராசரி அறுநூறைத் தொட்டால் பாலம், தொடாவிட்டால் பெஞ்சும் பூச்செடியும் மட்டும். இதை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருந்தார்கள்.

முதல் நாள் ஐந்நூற்று எண்பத்து நான்கு. இரண்டாம் நாள் அறுநூற்று மூன்று. எண்ணிக்கையை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் தினமும் குழாயில் நடக்கிறவர்களுக்கு விரலைப் பார்த்தே, எண் அறுநூறையொட்டி இழுபறியில் நிற்பது புரிந்துவிட்டது. இரண்டாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து திரும்பிய ஒரு நர்ஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, நாளைக்கு நாங்க எல்லாரும் ரெண்டு தடவை போயிட்டு வரட்டுமா?"

"வேலை இருந்தா போங்க. எனக்காகப் போனா தெரிஞ்சுடும்."

"எப்படித் தெரியும்?"

"வேலைக்குப் போறவங்க கால் வேற, சும்மா போறவங்க கால் வேற."

நர்ஸ் விடவில்லை. "சரி, உங்க விரல் ஒரு இருபது தடவை வழுக்கினா என்ன குறைஞ்சு போயிடும்?"

"இருபது வழுக்கிச்சுன்னா, மீதி இருக்கறதும் வழுக்கினதுதான்னு ஆயிடும்மா" என்றார் அக்கா.

மூன்றாம் நாளுக்குத் தேவை அறுநூற்றுப் பதின்மூன்று. விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. குழாயின் மேல் பாசி. முதல் கால் மணி நேரத்தில் கடந்தவர்கள் இரண்டே பேர். சாப்பாட்டுப் பையோடு வந்த ஒருவர் ஒரு காலை வைத்தார், எடுத்தார், வந்த வழியே போனார். இரண்டு பிள்ளைகளோடு ஓர் அம்மா வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். ஏழு மணிக்கு முன்னால் நர்ஸ் வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நாலடி நடந்தார். ஐந்தாவது அடியில் கால் சறுக்கியது. கம்பியைப் பிடித்துத் தொங்கி, உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து கரைக்கு வந்தார். உள்ளங்கை கிழிந்திருந்தது.

"அந்தப் பொண்ணு குழாயப் பார்க்கல. என்னைத்தான் பார்த்துச்சு. அப்புறம் சுத்திக்கிட்டுப் போகத் திரும்பிடுச்சு" என்று சொல்லும்போது அக்காவின் குரல் மாறவில்லை. எண்கள் சொல்லும் அதே குரல். "மூணு நாளா இதைத்தானே எண்ணிட்டு இருக்கோம், இப்போ இந்தப் பொண்ணு எந்தக் கட்டத்துல வரும்னு பார்த்தேன். எதுலயும் வரல."

இடது கைக் கருவி சும்மாதான் இருந்தது. குழாயின் மேல் சைக்கிள் போவதில்லை. அதைத் திரும்பிப் போகிறவர்களுக்கு ஒதுக்கினார். அப்போதே தனக்கு ஒரு விதியும் வைத்துக்கொண்டார். குழாயின் முனைவரை வந்து, நின்று, திரும்பினால் மட்டும் ஒன்று. தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் கணக்கில்லை. முனைவரை வந்தும் அழுத்தப்படாமல் போனவர்கள், இந்த விதி வருவதற்கு முன்பே திரும்பிய அந்த ஐந்து பேர் மட்டும். அவர்கள் நினைவில் இருந்ததால் சேர்த்துக்கொண்டார். குடையைக் காற்று ஒருமுறை புரட்டிப் போட்டது. படிவத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு நனைந்தபடியே இரவு ஏழரை வரை இருந்தார்.

கடந்தவர்கள் எழுபத்தொன்று. பத்து வருடம் காலியாக இருந்த கட்டத்தில் எழுதினார்: 'வந்து, பார்த்து, திரும்பியவர்கள் – 538.'

கூட்டிப் பாருங்கள். அறுநூற்று ஒன்பது. நாலு குறைகிறது.

"நாலுதானேக்கா" என்றேன்.

"நாலு பேர் வரல. நான் என்ன பண்றது?"

ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் கொதித்துப்போனார். கேட்டதை எண்ணச் சொன்னால் கேட்காததை எண்ணுவதா, வாடிக்கையாளரிடம் நாங்கள் என்ன பதில் சொல்வது என்று போனில் கத்தினார். ஆனாலும் படிவத்தைத் திருத்தித் தர அக்கா மறுத்துவிட்டதால் அது அப்படியே நகராட்சிக்குப் போனது. இரண்டு மாதம் அவருக்கு வேலை வரவில்லை. அந்த இரண்டு மாதத்தைப் பற்றி அவர் பேசுவதில்லை. நாத்தனார்தான் சொன்னார். "ஜன்னல்லயே நிப்பாங்க. கையில ஒண்ணும் இருக்காது, ஆனா கட்டைவிரல் மட்டும் அசையும். அண்ணன் பார்த்துட்டு, எத்தனைன்னு கேட்பாரு. திரும்பாமலே சொல்லுவாங்க."

நகராட்சியில் படிவத்தைப் படித்தவர் திட்டப் பிரிவில் ஒரு பொறியாளர். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். அவர் அக்காவுக்கு நேரடியாகப் போன் செய்தார். "பொய் எழுதறவங்க நாலு குறைச்சலா எழுத மாட்டாங்க. அதனாலதான் கூப்பிட்டேன்" என்றார். அடுத்த மழைநாளில் இருவரும் கால்வாய்க் கரையில் நின்றார்கள். பொறியாளர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குழாயின் முனைக்குப் போனார். ஒரு காலை வைத்தார். கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டார்.

"அவரையும் எண்ணினீங்களா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு எனக்கு டூட்டி இல்லையே" என்றவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விரல் அசைஞ்சது வாஸ்தவம்தான்" என்றார்.

நகராட்சியின் திட்டக் குழுக் கூட்டம் இரண்டு முறை நடந்தது. கடக்காதவர்களை எப்படிக் கடந்தவர்களோடு சேர்ப்பது என்று ஓர் உறுப்பினர் விடாமல் கேட்டார். பொறியாளர் தான் மழையில் குழாயின் முனைவரை போய்த் திரும்பிய கதையைச் சொன்னதாகக் கேள்வி. கடைசியில் நாற்பது பெஞ்சைப் பதினெட்டாகக் குறைத்து, பூச்செடிகளை அடியோடு விட்டுவிட்டு, பாலத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். நடைப்பயிற்சிக்காரர்களில் சிலருக்கு அந்தப் பெஞ்சுகள் போனதில் இன்னும் வருத்தம் உண்டு. "உட்கார இடமில்லாம பண்ணிட்டீங்களே" என்று பூங்கா வாசலில் ஒருவர் அக்காவிடமே குறைப்பட்டதை நான் கேட்டேன். "பாலத்துல நடங்க, உடம்புக்கு நல்லது" என்றார் அக்கா. ஒரு டிக்.

பாலம் திறந்த முதல் வாரத்தில் அதன் மேல் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ண, அதே நிறுவனம், அதே மேற்பார்வையாளர், அக்காவையே அனுப்பினார்கள். நானும் போயிருந்தேன். இரும்புக் கைப்பிடி, சொரசொரப்பான தளம், இரு முனையிலும் சக்கர நாற்காலிக்கான சரிவு. குழாய் பக்கத்திலேயே கிடந்தது. அதைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எட்டு மணிக்குள் முந்நூறு தாண்டியது. ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்த கூட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து மொத்தமாக வரத் தொடங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து விலகி அந்த நர்ஸ் நேராக நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்க மட்டும் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இப்படி வாம்மா, பின்னாடி வர்றவங்க தெரியல" என்று சொல்லிவிட்டு, வலது கையை நிறுத்தாமல், இடது கையால் நர்ஸின் முழங்கையைப் பிடித்து, ஜன்னல் திரையை ஒதுக்குவதுபோல் மெதுவாக ஓரடி பக்கவாட்டில் நகர்த்தினார்.