எந்த ஊர்ச் சூரியன்?

நான் அதிகம் படித்தவள் இல்லை. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, பிறகு ஈப்போவில் மூன்று வருடம், அவ்வளவுதான். பத்திரிகைக்கு எழுத எனக்கு என்ன தகுதி என்று பலமுறை பேனாவை மூடி வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில், ஈப்போ புந்தோங்கில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். நான் வேலை செய்த சட்டைத் தொழிற்சாலையில் மாப்பிள்ளை லாரி ஓட்டினார். தினமும் ஒரே கேட்டில் நுழைவோம். பேசிக்கொண்டது மிகக் குறைவு. ஆனாலும் இவர் இல்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று எனக்குள் முடிவாகியிருந்தது. அதை வீட்டில் சொல்லத்தான் தைரியம் இல்லை.

பெரியப்பா மகனான என் அண்ணன் பக்கத்துத் தெருவில் டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். அந்த வருடம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மெட்ராஸ் போய் வந்த ஒருவர் ஜாதகம் கணிக்கும் டிஸ்க் ஒன்றை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் அது வேறு ரகக் கம்ப்யூட்டருக்காகச் செய்தது. அண்ணனுடையதில் போட்டால் திரை முழுக்கக் குப்பை எழுத்துகள்தான் வந்தன. டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சீன நண்பரிடம் எடுத்துப் போனார். இருவரும் வாரக்கணக்கில் மல்லுக்கட்டி, இங்கே ஒரு வரியை மாற்றி, அங்கே ஒரு வரியை வெட்டி, ஒருவழியாக ஓட வைத்துவிட்டார்கள்.

முதல் ஜாதகம் என்னுடையதுதான். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த எனக்கு யாரும் ஜாதகம் எழுதி வைக்கவில்லை. சித்திரை மாதம், காலை ஆறு மணி என்று நாளையும் நேரத்தையும் அம்மா சொன்னார். பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியபோது அண்ணன் குழந்தை மாதிரி கைதட்டினார். தாளை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.

அடுத்த ஞாயிறு மதியம் மாப்பிள்ளையின் அம்மா அதே தாளோடு தனியாக வந்தார்.

“ஆயில்யம்னு போட்டிருக்கு. மாமியாருக்கு ஆகாதாம். புள்ளைய எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா இந்த உசுரு மேலயும் கொஞ்சம் ஆசை இருக்கே,” என்றார்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டே, “கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுலா அத்தை,” என்றார்.

காப்பி வைக்க வந்த நான் மேசைமேல் கிடந்த தாளைப் பார்த்தேன். சூரிய உதயம் ஐந்து ஐம்பது என்று இருந்தது. அப்படியானால் நான் விடிந்த பிறகு பிறந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா எப்போதும் சொல்வது வேறு. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்து, ஆட்கள் விளக்கோடு கூடி நின்ற நேரமாம். வீட்டுக்குள் கும்மிருட்டு. மருத்துவச்சி மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்துத்தான் என் முகத்தை அம்மாவுக்குக் காட்டினாராம்.

பெரியவர்கள் முன்னால் நான் வாய் திறப்பதில்லை. அன்று கேட்டுவிட்டேன்.

“அண்ணே, இது எந்த ஊரு சூரியன்?”

“சூரியன் ஒண்ணுதான்லா. ஊருக்கு ஒண்ணா வச்சிருக்கு?” என்றார் அண்ணன்.

மாப்பிள்ளையின் அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்தார். “இரு தம்பி. ஆறு மணிக்கு எங்க விடிஞ்சுச்சு? தலையில விளக்கக் கட்டிக்கிட்டு பாலெடுக்க பால்மரம் வெட்டப் போனவ நான். அந்நேரம் பக்கத்து மரமே கண்ணுக்குத் தெரியாது.”

அண்ணன் தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். பிறகு, “அலாமாக்! தப்பு பண்ணிட்டமே!” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த டிஸ்க் முதலில், பிறந்த ஊர் எது என்று கேட்குமாம். அந்த இடம் வந்ததும் கம்ப்யூட்டர் நின்று போகும். அதிலிருந்த பட்டியலில் எல்லாம் இந்தியாவின் ஊர்கள். பத்து காஜா அதில் எங்கே இருக்கும்? அதனால் இருவரும் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் ஓடியது. எங்கே பிறந்தாய் என்று கேட்காமலே எல்லாரையும் மெட்ராஸில் பிறந்தவர்களாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது.

“நம்ம தாத்தனுங்க கப்பலேறி வந்தாங்க. நீ ஒரு பட்டனத் தட்டி அத்தன பேரையும் திருப்பி அனுப்பிட்டியே தம்பி!” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. இந்த முறை எல்லாரும் சிரித்தோம். அண்ணனும்தான்.

அன்று மாலையே கோயில் குருக்கள் நம் ஊர் நேரத்துக்குக் கணித்தார். ஆயில்யம் இல்லை, அதற்கு முந்திய பூச நட்சத்திரத்தின் கடைசிப் பகுதி என்று வந்தது. மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைத் தொட்டு, “வாயே தொறக்க மாட்டான்னு சொன்னாங்க. வேணுங்கிறப்ப தொறக்கிற, அது போதும்,” என்றார்.

அந்த டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. அதன் ஊரில் அது சரியாகத்தான் சொல்லியிருக்கும். ஆனால் வேறு இடத்துக்குச் செய்த ஒன்று நம்மிடம் ஓடிவிட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால், ஓட வைப்பதற்காக எதை எடுத்துவிட்டோம் என்று இன்றைக்கும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை, எடுத்துவிட்ட கேள்வியைத் திரும்பச் சேர்க்க அண்ணன் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அந்தச் சீன நண்பரின் கடைக்குப் போனார். கடை பூட்டியிருந்தது; திறக்கும்வரை வாசலிலேயே காத்திருந்தார்.