எடை மேடைக்குப் பூஜை போட்ட நாள்

காலில் சூடு... அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு இரும்புத் தகட்டின் மேல் நிற்கிறோம். உள்ளங்கால் தீய்கிறது. கற்பூரப் புகை, உடைத்த பூசணிக்காய், கிரஷரிலிருந்து வரும் கல் தூசி, எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறுகிறது.

கூட்டேரிப்பட்டு பக்கம் ஒரு ஜல்லி கிரஷர் அது. லாரியை ஏற்றி எடை பார்க்கும் மேடையை ஆட்டோமேட்டிக்காக மாற்றியிருந்தோம். நான் டெக்னீஷியன். தனியாக முடித்த முதல் சைட். லாரி ஏறினால் கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், எடை தானாகப் பதியும், சீட்டு தானாக வரும், அதே எடை கனிமவளத் துறை அதிகாரிகளின் கம்ப்யூட்டருக்கும் போய்விடும். நடுவில் ஆளே கிடையாது. என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நம்ம பக்கம் பூஜை போடாமல் எந்த மெஷினையும் ஓட்ட மாட்டோமே... வாழை இலை, பொரி, சுண்டல் எல்லாம் மேடைக்கு நடுவிலேயே வைத்தார்கள். முதலாளி குடும்பம், ஐயர், லோடு ஆட்கள், டிரைவர்கள், எல்லோரும் சுற்றி மேடை மேலேயே நின்றோம்.

"நல்ல நேரம் முடியப் போவுது, ஜல்தியா ஆரம்பிப்பா" என்றார் முதலாளி.

கையிலிருந்த டேப்லெட்டில் 'ஜீரோ' பட்டனை அழுத்தினேன். கைதட்டல்! யாரோ வீடியோ எடுத்தார்கள். அதை வாங்கி அங்கேயே ஸ்டேட்டஸ் வைத்தேன்.

முதல் லோடு டிரைவர் ஏழுமலை அண்ணனுக்கு. ராசியான ஆள் என்று முதலாளி எதையும் அவரை வைத்துத்தான் ஆரம்பிப்பார். கடைசியாக ஐயரும் இறங்கியதும் மாலை போட்ட லாரி ஏறியது, சீட்டு வந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணாடிக்கு மேலிருந்த அங்காளம்மன் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

"பாத்துக்கோங்கண்ணா" என்றேன்.

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும், தம்பி."

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே போன் வந்தது. திண்டிவனத்தில் அதிகாரிகள் அவர் வண்டியை மடக்கி, அங்கிருந்த வேறொரு மேடையில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் சீட்டில் இருந்ததைவிட எடை அதிகம். அனுமதித்த அளவையும் தாண்டிவிட்டது. முதலாளி என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினார்.

நாங்கள் போனபோது ஏழுமலை அண்ணன் ரோட்டோரம் நின்றிருந்தார்.

"வழியில எங்கய்யா ஏத்தின? இன்னொரு சீட்டு எங்க வெச்சிருக்க?" என்று அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கயும் நிக்கலீங்க சார். டீ கூட குடிக்காம வந்துக்கினு இருக்கேன்."

நம்பவில்லை. ஒளித்து வைத்த சீட்டைத் தேடி கேபினில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டார்கள். பாய், கைலி, சாப்பாட்டுத் தூக்கு, பேத்திக்கு வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் பொம்மை, அம்மன் படம்... எல்லாம் தார் ரோட்டு ஓரத்தில். போகிற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி என்னைப் பார்த்தார். "மெஷின்ல கோளாறு இருக்குமா?"

நான் அதிகாரியிடம் பேசியிருக்கலாம். ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அதெல்லாம் செய்யாமல் நேராக ஏழுமலை அண்ணனிடம் திரும்பினேன்.

"அண்ணா, மெஷின் பொய் சொல்லாது. நடந்தத சொல்லிடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கோபமில்லை. இவனுமா என்று இருந்தது.

அந்தக் கலவரத்திலும் என் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று போனை எடுத்தேன். அப்படிப்பட்ட ஆள் நான். வீடியோ ஓடியது. சிரித்தபடி பட்டனை அழுத்துகிறேன். என்னைச் சுற்றி மேடை மேல் ஒரு கூட்டமே நிற்கிறது...

வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

ஜீரோ என்பது காலி மேடையில் போட வேண்டியது. நான் அத்தனை பேரையும் ஏற்றி வைத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் எல்லோருடைய கனத்தையும் மெஷின் 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ஏறிய லாரியின் எடையில் அவ்வளவும் குறைத்துக் காட்டியிருக்கிறது. எல்லோரும் இறங்கியதும் மைனஸ் காட்டியிருக்குமே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். நாய் ஏறினால்கூட நம்பர் ஓடுகிறது என்று முதலாளி அலுத்துக்கொண்டதால், வண்டி இல்லாதபோது திரையில் எதுவும் வராதபடி நானே மாற்றி வைத்திருந்தேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி என் முகத்தையே பார்க்கவில்லை. அதிகப்படி ஜல்லியை இறக்கச் சொல்லி, கிரஷருக்கு நோட்டீஸ் கொடுத்து வண்டியை விட்டார்கள்.

ஏழுமலை அண்ணன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் பொம்மையை எடுத்துத் தூசி தட்டி நீட்டினேன்.

"மன்னிச்சிடுங்கண்ணா."

வாங்கிக்கொண்டார். "பரவால்ல, உடு தம்பி. எது எங்க இருக்கணும்னு எனக்குத்தான் தெரியும். நீ நவுரு."

இப்போது விழுப்புரம் பக்கம் கிரஷர்களில் நான் போட்ட மேடைகள் நிறைய. பூஜையை மேடைக்குக் கீழே மண் தரையில்தான் போட விடுவேன். காரணம் சொன்னால் சிரிக்கிறார்கள், நானும் கூடச் சிரிக்கிறேன். சட்டதிட்டமும் இறுகிவிட்டது. திடீர் சோதனை, நாலு பக்கமும் கேமரா, ஜீரோ போட்டால் யார் போட்டது என்பதுவரை பதிவாகிறது. நல்லதுதான்.

போன வாரம் சர்வீசுக்கு அதே கிரஷருக்குப் போயிருந்தேன். ஏழுமலை அண்ணன் லோடோடு மேடை ஏறினார். "இன்னா தம்பி, நல்லா இருக்கியா? வூட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று வாய் நிறையக் கேட்டார். சீட்டு வந்தது.

அதை அம்மன் படத்துக்குப் பின்னால் செருகவில்லை. இறங்கினார். மேடை மேல் யாராவது நிற்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, திரையில் இருந்த எடையை ஒரு போட்டோ, சீட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு லோடுக்கும் அப்படித்தானாம்.

பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன். சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்கவில்லை.