உப்பளத்து வரப்பில் ஒரு நடைப்பயிற்சி

போன ஞாயிறு எங்கள் சர்ச்சில் சுகர் முகாம் வைத்து எல்லோருக்கும் எடை பார்த்தார்கள். கமிட்டித் தலைவர் என் எடையை மட்டும் மைக்கில் வாசித்துவிட்டு, "இந்தம்மா மாதிரி சாப்பிட்டா சுகர்தான் வரும்" என்றார். சனம் சிரித்தது.

எடை குறைக்க எல்லோருக்கும் இன்று பூசை முடிந்ததும் மரக்காணம் உப்பளத்தில் நடைப்பயிற்சி. முன்னால் நடக்கும் வேலையை ஃபாதரிடம் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாக நான் உப்புக் கூடை சுமந்து நடக்கிற வரப்பு அது.

தலைவரை எனக்கு அடுத்து வரச் சொன்னேன். வேகத்தைக் குறைக்கவே இல்லை.

பாதி தூரத்தில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் மெதுவா போம்மா, மூச்சு வாங்குது."

"நான் சாப்பிடறதையே சாப்பிடுங்க சார், சரியாயிடும்."

பாவம் அவர் என்று கமெண்டில் எழுதுங்கள், படிக்கிறேன். அடுத்த ஞாயிறும் முன்னால் நடக்கப் பெயர் கொடுத்திருக்கிறேன்.